மேஸ்திரி குறைக்கச் சொன்ன நூறு ரூபாய்

“காலை 7.10. வாசலில் முப்பத்தொன்பது பேர். இரண்டு வரிசை. மெடல் குத்தியவர்கள் பதினோரு பேர். மேஸ்திரிக்குப் பாதி முகத்தில் சோப்பு.”

என் பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய குறிப்பு இது. பக்கத்தின் வலது மேல் மூலையில் தேதி எழுதுவது என் வழக்கம். அந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியிருப்பது ‘ஞாயிறு’ என்ற சொல்லும் ‘பங்குனி’யின் பாதியும்தான். சென்னையில் பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. பாலாற்றில் மணல் மட்டும் இருந்தது. நான் ஆம்பூரில் ஒரு டேனரி ஆபீஸில், அதாவது தோல் தொழிற்சாலை ஆபீஸில், டைப்பிஸ்ட்டாக இருந்தேன். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஐம்பதுகளின் பின்பாதி என்று சொல்லலாம். அதற்கு மேல் துணிய மாட்டேன்.

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மேஸ்திரி என்று நான் எழுதுபவர் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். தோல் ரகம் பிரிக்கும் மேஸ்திரியாக இருபது வருடம் இருந்தவர். சுயேச்சையாக நின்றார், ஜெயித்தார். ஜெயித்த பிறகும் ஊர் அவரை மேஸ்திரி என்றே கூப்பிட்டது. பெயரைப் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஞாயிறு காலைகளில் அவருடைய மனுக்களையும் பதில்களையும் டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. சம்பளம் இல்லை. அவர் கேட்டதும் இல்லை, நானே போனேன். அன்றும் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோதுதான் அந்த இரண்டு வரிசைகளையும் பார்த்தேன்.

எல்லோரும் இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பி வந்தவர்கள். பலர் எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார்கள். காக்கிச் சட்டை இருந்தவர்கள் காக்கிச் சட்டை போட்டிருந்தார்கள். இல்லாதவர்கள் வெள்ளைச் சட்டையில் மெடலைக் குத்தியிருந்தார்கள். முன்னால் நின்றவர் ஹவில்தார் ராஜமாணிக்கம். போரில் பாலம் கட்டும் பிரிவில் இருந்தவர். கையில் முந்தின நாள் பத்திரிகை, நாலாக மடித்திருந்தது.

மேஸ்திரி கண்ணாடியை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

“வா ராஜமாணிக்கம். இன்னா எல்லாரும் ஒண்ணா?”

“வர்றது இருக்கட்டும். படைவீரர் நல மானியத்துல நூறு ரூபா குறைக்கணும்னு மெட்ராஸ்ல எழுந்து நின்னு சொன்னீங்களா, இல்லியா? ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு.”

மேஸ்திரி துண்டால் சோப்பைத் துடைத்துக்கொண்டார். ஒரு கன்னம் மழமழவென்றும் ஒரு கன்னம் நரைத்த முள்ளாகவும் இருந்தது.

“ஆமா. சொன்னேன்,” என்றார்.

இரண்டு தொடைகள், இரண்டு புத்தகங்கள்

அந்த ‘சொன்னேன்’ ஏன் என்னைத் திடுக்கிட வைக்கவில்லை என்பதைச் சொல்ல, அவருடைய வாரத்தைச் சொல்ல வேண்டும்.

சபை கூடாத வாரங்களில் அவர் செவ்வாயும் புதனும் சைக்கிளில் கிராமங்களைச் சுற்றுவார். வெள்ளிக்கிழமை முழுக்க படைவீரர்களுக்கு. அன்று வேறு யார் வந்தாலும் “நாளைக்கு வாங்க” என்பார். சனிக்கிழமை தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்குவது. ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி. ஏதாவது ஒரு தெருவின் கால்வாய், ஒரு பள்ளிக்கூடத்து மண் சுவர், தூர்ந்துபோன ஒரு குடிதண்ணீர்க் கிணறு. தானே முதலில் குழியில் இறங்குவார். போட்டோ எடுக்க யாரும் வந்ததாக என் குறிப்பில் இல்லை.

சபை கூடினால் திங்கள் காலை ரயில், சனிக்கிழமை திரும்பல். போகும்போதும் வரும்போதும் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பட்ஜெட் படிப்பார்.

அவர் ஐந்தாவது வரை படித்தவர். நான் அப்போது கையில் கிடைத்த சரித்திரம், பொருளாதாரம் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை கூடவே போனேன். பட்ஜெட் புத்தகத்தை அவருக்கு விளக்கிச் சொல்லலாம் என்று ஒரு எண்ணம்.

அவர் போன வருடப் புத்தகத்தை இடது தொடையில் விரித்தார். இந்த வருடப் புத்தகத்தை வலது தொடையில். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் முதல் வரியில் வைத்தார். இரண்டும் ஒரே வேகத்தில் இறங்கின. தோலைப் பலகையில் விரித்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே போகும் அதே வேகம். காட்பாடி தாண்டியபோது வலது விரல் நின்றது.

“இங்க ஒண்ணு இருந்துச்சு. காணோம்.”

பார்த்தேன். தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத் துணி வாங்கும் வரி. போன வருடம் இருந்தது. இந்த வருடம் அந்த இடத்தில் அடுத்த வரி ஏறி உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கத்தை நான் முந்தின நாள் இரண்டு தடவை படித்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் அவருக்கு எதையும் விளக்கப் போகவில்லை. அரக்கோணம் வரை அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு போனேன். சுண்ணாம்பில் ஊறி ஊறி ரேகை அழிந்த விரல்கள். அவை அச்சடித்த எண்களில் ஓட்டை கண்டுபிடித்துக்கொண்டே போயின.

ஏகாம்பரத்தின் நிலம்

வட ஆற்காட்டிலிருந்து ஏன் இத்தனை பேர் பட்டாளத்துக்குப் போனார்கள் என்பதற்கு நான் மூன்று விளக்கங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆற்காட்டு நவாப் காலத்துப் பழக்கம் என்பார் ஒருவர். வேலூர்க் கோட்டையைப் பார்த்து வளர்ந்த புத்தி என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு சொல்லில் முடித்தார்: மழை. எனக்கு மூன்றாவதில்தான் நம்பிக்கை அதிகம்.

ஏகாம்பரம் அப்படிப் போய் வந்தவர். பர்மாவில் இடது காலை முழங்காலுக்குக் கீழே விட்டுவிட்டு வந்தார். கட்டைக்கால் பொருத்தியிருந்தார்கள். அதைத் தொடையில் கட்டும் வாரை அவரே தைத்துக்கொள்வார். பழைய வார் தளர்ந்ததும் புதியது.

அரசாங்கம் அவருக்கு ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றுப் படுகையில் இரண்டு ஏக்கர் கொடுத்தது. குறித்த காலத்துக்குள் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் நிலம் திரும்பிப் போய்விடும் என்பது நிபந்தனை. அவரும் மனைவி கன்னியம்மாவும் கிணறு தோண்டினார்கள். முதல் வருடம் தண்ணீர் நன்றாக இருந்தது. பிறகு மேற்கே இருந்த தொழிற்சாலைகளின் கழிவு ஓடை பெருத்து, அவர்கள் நிலத்தை ஒட்டி வர ஆரம்பித்தது. கிணறு உப்பாகிப்போனது. அந்தத் தண்ணீரில் துவைத்த துணி காய்ந்தால் வெள்ளை பூக்கும். விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் கருகும்.

நிலத்தை ரத்து செய்யும் நோட்டீஸை ஒரு வெள்ளிக்கிழமை, நான் ஆபீஸ் விட்டு அங்கே போயிருந்தபோது, கன்னியம்மா இடுப்பில் செருகிக் கொண்டுவந்தார். பங்குனி முடிவுவரை கெடு.

“நெலத்த அவங்க குடுத்தாங்க. தண்ணியக் கெடுத்தது ஊரு பெரிய மனுசங்க. இப்போ ஏன் பயிர் வெக்கலன்னு என்னைக் கேக்கிறாங்க. நான் யாரைக் கேக்கிறது, சொல்லுங்க மேஸ்திரி?”

மேஸ்திரி நோட்டீஸை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு மடித்தார். “அந்த ஓடையில நானும் இருபது வருஷம் கை கழுவினவன்தாம்மா,” என்றார்.

மூன்று மனுக்கள் அடித்துக் கொடுத்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அதற்குள் படைவீரர் நல மானியம் சபையில் விவாதத்துக்கு வரும் நாள் வந்தது. மேஸ்திரி வேறொரு தாளை அடிக்கச் சொன்னார்.

குறைக்கும் உரிமை

சபை நடைமுறை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். அரசாங்கம் ஒவ்வொரு துறைக்கும் இவ்வளவு மானியம் வேண்டும் என்று சபையில் கேட்கும். அதைக் கூட்டித் தரச் சொல்ல ஒரு உறுப்பினருக்கு உரிமை கிடையாது. குறைக்கச் சொல்லத்தான் உரிமை. ஆகவே ஒரு குறையைச் சொல்ல விரும்புகிறவர் அந்த மானியத்தில் நூறு ரூபாய் குறைக்க வேண்டும் என்று பிரேரணை கொடுப்பார். கொடுத்தால் எழுந்து பேசலாம். மந்திரி பதில் சொல்வார். பிறகு பிரேரணையைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். நூறு ரூபாய் எங்கும் போகாது.

நான் அடித்த தாளில் இருந்தது இவ்வளவுதான்: படைவீரர்களுக்குக் கொடுத்த நிலங்களில் நீர் கெட்டுப்போனதைக் கவனிக்கத் தவறியது குறித்து விவாதிக்க, மானியத்தில் நூறு ரூபாய் குறைக்கப்பட வேண்டும்.

பத்திரிகையில் முதல் பாதியை விட்டுவிட்டார்கள். இடம் இல்லையோ என்னவோ. நூறு ரூபாய் குறைக்கச் சொன்னதும் எந்த ஊர் உறுப்பினர் என்பதும் மட்டும் இரண்டு வரியில் வந்தது.

சனிக்கிழமை கரீம் பாய் டீக்கடையில் அதை யாரோ சத்தமாகப் படித்திருக்கிறார்கள். “உங்க மேஸ்திரிக்கு மெட்ராஸ் காத்து புட்சிருச்சு போல,” என்று கரீம் பாய் வேடிக்கையாகச் சொல்ல, ஹவில்தார் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். மேஸ்திரி அன்று காலையே ரயிலிலிருந்து இறங்கியிருந்தார். ஆனால் நேரே தாலுகா ஆபீஸுக்குப் போய்விட்டார். அவர் வாயிலிருந்து வருவதற்கு முன்னால் பத்திரிகை வந்துவிட்டது.

நான் வாய் திறந்தது

வாசலுக்குத் திரும்புவோம்.

‘சொன்னேன்’ என்றதும் வரிசை கலையவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பின் வரிசையில் கட்டைக்காலை ஊன்றி ஏகாம்பரம் நின்றிருந்தார். அவருக்காகத்தான் இது நடந்தது என்பது அவருக்கும் தெரியவில்லை.

நான் மெஷினைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனேன். “அந்தத் தாளை அடித்தவன் நான்தான். இது ஒரு அடையாளப் பிரேரணை. இங்கிலாந்துப் பாராளுமன்ற மரபில்…”

“இங்கிலாந்தா?” என்றார் முன் வரிசையில் ஒருவர். “அங்க இருந்துதானய்யா எங்களுக்கு ஆர்டர் வந்துச்சு. அதுக்கப்புறந்தான் இவன் காலு போச்சு.”

வரிசை சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

“தம்பி, நீ கொஞ்சம் சும்மா இரு,” என்றார் மேஸ்திரி. படியில் உட்கார்ந்தார். “ராஜமாணிக்கம், நீ டேனரியில எத்தினி வருஷமா இருக்கே?”

“அத ஏன் இப்போ?”

“சொல்லு.”

“பட்டாளத்துலேர்ந்து வந்ததுலேர்ந்து.”

“சுண்ணாம்புத் தொட்டியில தப்பு நடக்குது. தோலெல்லாம் முதுகுல வெந்து வெந்து வருது. நீ ரகம் பிரிக்கிற எடத்துல இருக்கே. இன்னா பண்ணுவே?”

“மொதலாளிகிட்ட சொல்லுவேன்.”

“அவர் எங்க இருப்பார்?”

“உள்ளே. ஃபேன் கீழே.”

“கூப்ட்டா எழுந்து வருவாரா?”

பின்னால் ஒருவர் முந்திக்கொண்டார். “அவர் எங்க வர்றது. அப்புறம் பாக்கலாம் போடாம்பார்.”

“அப்போ இன்னா பண்ணுவீங்க?”

மூன்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். “நல்ல தோலா ஒண்ண எடுத்து மூணாம் ரகத்துல போடுவோம்.”

“போட்டா?”

“வேட்டியத் தூக்கினு ஓடி வருவார்.”

“வந்து?”

“மொத ரகத்த ஏண்டா அங்க போட்டேன்னு கத்துவார். அப்போ சொல்லுவோம், மொதல்ல தொட்டிய வந்து பாருன்னு.”

“அந்தத் தோலு இன்னா ஆவும்?”

“இன்னா ஆவும்? திரும்ப எடுத்து மொத ரகத்து மேலயே வெச்சிடுவோம்.”

மேஸ்திரி ஹவில்தாரின் கையிலிருந்த பத்திரிகையைக் காட்டினார். “அந்த நூறு ரூபா அந்தத் தோலுதான்.”

பிறகு முகங்கள் ஒவ்வொன்றாக மாறுவதை நான் பார்த்தேன். எத்தனையோ புத்தகத்தில் படித்தும் எனக்குச் சொல்லத் தெரியாததை, அவர்கள் கையால் செய்துகொண்டிருந்த ஒரு வேலையிலிருந்து எடுத்து மேஸ்திரி அவர்கள் முன்னால் வைத்துவிட்டார். சபையின் விதியை எழுதியவர்களுக்கும் ஆம்பூரில் தோல் பிரிக்கிறவர்களுக்கும் ஒரே யுக்தி தோன்றியிருக்கிறது என்பது எனக்கு அந்த நிமிடம் வரை தோன்றவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

ஹவில்தார் மட்டும் விடவில்லை. “சரி. மொதலாளி எழுந்து வந்தாரா?”

“வந்தார். ஆளை அனுப்பி நெலத்தப் பாக்கச் சொல்றேன்னார். நேத்து தாலுகா ஆபீஸ்ல கேட்டேன். புதன்கிழமை ஜீப் வருது.”

“எந்த நெலம்?”

“ஏகாம்பரம் நெலம்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏகாம்பரம் கட்டைக்காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

“புதங்கெழமை வர்ற ஆளுக்கு நான் இன்னாத்தக் காட்டறது, மேஸ்திரி? உப்பு பூத்த மண்ணையா?”

ஓடைக்கு மேலே ஒரு பாலம்

அந்த ஞாயிறு ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர் எழுப்புவதாக இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு எல்லோரும் படுகைக்குப் போனார்கள். ஏழு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். முப்பத்திரண்டு பேர் வந்தார்கள்.

பாலாற்றில் தண்ணீர் ஓடாவிட்டாலும் மணலுக்கு அடியில் இருக்கும். மணலைத் தோண்டி ஒரு வாய்க்கால் வெட்டினால் ஊற்று அதில் சேர்ந்து ஓடி வரும். ஊற்றுக்கால் என்பார்கள். ஏகாம்பரத்தின் நிலத்துக்கும் பழைய ஊற்றுக்கால் ஒன்று இருந்தது. கழிவு ஓடை ஆற்றில் கலக்கும் இடத்துக்கு மேலே தொடங்குவதால் அதில் நல்ல தண்ணீர். ஆனால் ஓடை பெருத்தபோது குறுக்கே அறுத்துக்கொண்டு போய்விட்டது. அதோடு ஊற்றுக்காலைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஓடைக் கரையில் நின்று எல்லோரும் அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தோம். ஐந்தாறு முழ அகலம். மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது. இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் வந்தாலும் அந்தப் பக்கம் எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

“ஏன் ஹவில்தாரண்ணா,” என்றார் கன்னியம்மா, “பர்மாவுல பாலம் கட்டினேன், பாலம் கட்டினேன்னு ஊரெல்லாம் சொல்வியே. இந்த சாக்கடைக்கு ஒண்ணு கட்டு பாக்கலாம்.”

“அங்க இரும்பு குடுத்தாங்கம்மா.”

“இங்க பனைமரம் இருக்குது.”

ஹவில்தார் அவரை முறைத்தார். பிறகு ஓடையின் அகலத்தைக் கயிற்றால் அளந்தார். விழுந்து இரண்டாக முறிந்து கிடந்த ஒரு பனைமரத்தைப் பிளந்து, உள்ளே குடைந்து, நடுவில் முட்டுக்கொடுத்து, இரண்டு துண்டாக ஓடைக்கு மேலே கிடத்தினார்கள். இரண்டும் சேரும் இடத்தில் ஒழுகாமல் இருக்க ஏகாம்பரம் எண்ணெய் ஊறிய தோலைச் சுற்றித் தைத்தார். மற்றவர்கள் ஆற்றில் மணலை வாரினார்கள். மேஸ்திரி இடுப்பளவு குழியில் நின்று கூடை கூடையாக மேலே கொடுத்துக்கொண்டிருந்தார். பாதி மழித்த முகம் அப்படியே இருந்தது. மிச்சத்தை மழிக்க அவருக்கு நேரமே வரவில்லை.

நானும் கூடை தூக்கினேன். எத்தனை கூடை என்று எண்ணி வைத்தேன். எண்ணிக்கை சொல்லும்படி இல்லை.

திங்கள் காலை அவரை ரயிலேற்றப் போனேன். பட்ஜெட் புத்தகங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு நின்றார். காலில் மண் காய்ந்து வெளுத்திருந்தது.

“புதன்கிழமை நீங்க இருக்க வேணாமா?” என்றேன்.

“நான் இருந்தா அந்தாளு என் மூஞ்சியத்தான் பாப்பாரு. மண்ணப் பாக்க மாட்டாரு. அதுவுமில்லாம இன்னிக்கு ஆஸ்பத்திரி மானியம் வருது, தம்பி. அந்தக் கட்டுத் துணி இன்னும் பாக்கி.”

வண்டி கிளம்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு தொடையிலும் இரண்டு புத்தகத்தை விரிப்பதைப் பார்த்தேன்.

தண்ணீர் வந்தது

திங்கள் சாயங்காலம் ஊற்றுக்காலில் தண்ணீர் வந்தது. டேனரி சங்கு ஊதியதும் பாதிப் பேர் வேலை முடித்து நேரே இங்கே வந்திருந்தார்கள்.

முதலில் மணல் நனைந்து கறுத்தது. பிறகு விரல் கனத்துக்கு ஒரு நீர்க்கோடு நுரையும் சருகுமாக ஊர்ந்து வந்தது. பனைமரத்தின் வாயில் வந்து கொஞ்சம் தயங்கித் தேங்கியது. நிறைந்ததும் உள்ளே இறங்கியது. கீழே கறுப்புத் தண்ணீர் மேற்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே, ஒரு முழ இடைவெளியில், தெளிந்த தண்ணீர் குறுக்கே கடந்துபோயிற்று. ஒரு சொட்டுகூட ஒன்றோடொன்று சேரவில்லை.

போரைப் பார்த்துவிட்டு வந்த ஆட்கள். சின்னப் பிள்ளைகள் போலக் கரையோரம் குந்திக்கொண்டு பார்த்தார்கள். ஹவில்தார் தோல் சுற்றிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார், ஈரமா என்று. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பல பெரிய அணைகளின் படங்களைப் பிற்பாடு பார்த்திருக்கிறேன். அன்று இருந்த பிரமிப்பு எனக்கு அவற்றில் வரவில்லை.

அன்று ராத்திரியே மண்ணின் மேலே பூத்திருந்த உப்பைச் சுரண்டி எடுத்தார்கள். நல்ல தண்ணீரைக் கட்டிவைத்து வடித்தார்கள். விரிஞ்சிபுரம் பக்கத்திலிருந்து கேழ்வரகு நாற்று, தோல் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரியில் வந்தது. செவ்வாய்க்கிழமை பெண்கள் நட்டார்கள். இரண்டு ஏக்கரில் கால் பங்குதான் முடிந்தது.

ஜீப்

புதன்கிழமை நான் லீவு போட்டேன். ஹவில்தார் மற்றவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி சொன்ன காரணம்தான்.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் ஜீப் வந்தது. அதிகாரி ஒருவர், கூடவே கோப்போடு அவருடைய ஆபீஸ் சேவகரான டவாலி. அதிகாரி நடுத்தர வயது, கண்ணாடி போட்டவர். முதலில் கிணற்றைப் பார்த்தார். பிறகு நட்ட இடத்துக்கு வந்து குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கினார். வேரைப் பார்த்தார். அதில் புது மண்கூட ஒட்டியிருக்கவில்லை.

“எப்போ நட்டது?”

கன்னியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஏகாம்பரம் முந்திக்கொண்டார்.

“நேத்து, சார்.”

கன்னியம்மா புருஷனைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

“தண்ணி?”

“திங்கக்கெழமை வந்துச்சு, சார்.”

“அதுக்கு முன்னாடி?”

“உப்பு. நாலு வருஷமா உப்புதான், சார்.”

அதிகாரி அந்த நாற்றை அதே குழியில் திரும்ப வைத்தார். கட்டைவிரலால் மண்ணை அழுத்தினார். ஓடைக் கரைக்குப் போய் அந்தப் பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நின்ற நேரத்தை நான் குறிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. என் நோட்டுப் புத்தகத்தில் நேரம் இல்லாத குறிப்பு அது ஒன்றுதான்.

“அந்தத் தோல் யார் தெச்சது?”

“நான்தான், சார். என் கால் வாரு தெக்கிற ஊசிதான்.”

அவர் குனிந்து, கையைக் குவித்து, பனைமரத்திலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். நிலத்தைப் பற்றி நல்லதாகவும் ஒன்றும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை.

“நேத்துன்னு ஏன்யா சொன்னே?” என்றார் கன்னியம்மா, தூசி அடங்கியதும்.

“வேர அவரு பாத்துட்டாரு. அப்புறம் இன்னா சொல்றது?”

உத்தரவு வரும்வரை அவர்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். சித்திரையில் வந்தது. ரத்து நோட்டீஸ் கைவிடப்பட்டது, நிலம் ஏகாம்பரத்திடமே இருக்கும். அந்தத் தாளை என் கையில் வாங்கிப் பார்த்தேன். காரணம் ஏதும் எழுதியிருக்கவில்லை, அதிகாரியின் அறிக்கையின்பேரில் என்று மட்டும் இருந்தது.

அந்த அறிக்கையைத்தான் நான் பார்க்கவில்லை. பல வருடம் கழித்துத் தாலுகா ஆபீஸில் கேட்டேன். கெடு முடிந்த கோப்புகளோடு அதையும் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். அன்று ஜீப்பில் வந்த டவாலியைத் தேடிப் பிடித்தேன். அறிக்கை இரண்டே வரிதான் என்றார் அவர்: “நிலத்தில் பயிர் இருக்கிறது. தண்ணீரை நானே குடித்துப் பார்த்தேன், நல்ல தண்ணீர்.”

டவாலிக்கு எழுதப் படிக்க வராது. அதிகாரி ஜீப்பில் முணுமுணுத்துக்கொண்டே எழுதியதைக் காதால் கேட்டதாகச் சொன்னார். வேறு சாட்சி இல்லை. சரிபார்க்கப்படாத தகவல் என்று குறித்து இங்கே பதிகிறேன்.